நெஞ்சால் தொழுத நாட்கள்

முதலில் அரிசியில்தான் எனக்குத் தெரிந்தது. நான் கல் பொறுக்கிக் கொடுத்த அரிசியில் சோறாக்கினால், இரண்டு கவளத்துக்கு ஒரு தரம் யாராவது முகத்தைச் சுளித்தார்கள். சில நாள் கழித்து ஒருவரும் சுளிப்பதில்லை. கண் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, நான் பொறுக்கி வைத்துவிட்டு எழுந்து போனதும் என் மகள் ஹமீதா அதே அரிசியை அடுப்படிக்குக் கொண்டுபோய் மறுபடி முறத்தில் கொட்டிப் பொறுக்கியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பிறகு நான் முறத்தைத் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் இப்போது இரண்டு பெண்களுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஆபரேஷன் என்றதும் பயப்படுகிறார்கள். என்ன செய்தார்கள், வலித்ததா, எத்தனை நாள் படுக்கவேண்டும் என்று என்னிடம் ஆள் மாற்றி ஆள் கேட்டனுப்புகிறார்கள். நாலு பேர் கூடி உட்கார்ந்தால் எனக்கு வாய் எழும்பாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள், எழுத்துக் கூட்டத் தெரியும். அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் ஆபரேஷனை மட்டும் எழுதினால் பாதியைத்தான் எழுதினதாக ஆகும். அங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வலது கண் எனக்கு அதற்கு முன்பே இல்லை. ஊர் ஊராகப் போய்க் கண் பார்க்கிற ஒரு வைத்தியன், பத்து வருஷத்துக்கு முன்னால், வீட்டில் வைத்தே ஊசியால் புரையைக் கண்ணுக்குள் தள்ளிவிட்டான். அன்றைக்கே பளிச்சென்று தெரிந்தது. நானும் மகிழ்ந்து அவனுக்குப் புதுவேட்டி எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். நாற்பது நாளில் கண் சிவந்து, வலித்து, இருண்டே போய்விட்டது. ஆக எனக்கு மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான். அதுவும் போனால் வேறில்லை.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் கொடி இறங்குவதற்கு முந்தின வருஷம் ஹமீதா என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அவள் மாப்பிள்ளை சைகோனில் இருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வெள்ளைத் துப்பட்டியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வராந்தா பெஞ்சியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். என் வாப்பா, என் கூடப்பிறந்தவர்கள், என் வீட்டுக்காரர், அந்த ஊசி வைத்தியன், இவர்கள் தவிர ஓர் ஆம்பிளை என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. முறை வந்ததும் கன்னியாஸ்திரி ஒருத்தி வந்து என் கையைப் பிடித்தாள். அவர்களை அங்கே எல்லோரும் மசேர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதுச்சேரிப் பக்கத்துத் தமிழச்சி. குரல் மட்டும் சிப்பாய் குரல்.

"துப்பட்டியை எடுங்கம்மா. டாக்டர் உங்க கண்ணைப் பாக்கணும், துப்பட்டியை இல்ல."

ஹமீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் காது மடல் சுட்டது.

கண் டாக்டர் புதுச்சேரியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து, சில நாள் தங்கி ஆபரேஷன் செய்துவிட்டுப் போவார். மெதுவாகப் பேசுகிற மனிதர். எங்களுக்குப் புரியும்படி சொன்னார். கண்ணுக்குள் பயறு அளவில் ஒரு பளிங்கு இருக்கிறதாம். அது தெளிவாக இருந்தால் வெளிச்சம் உள்ளே போகும். வயசானால் அது முட்டையின் வெள்ளைக்கரு வெந்தமாதிரி வெளுத்துப்போகும். அதைத்தான் புரை என்கிறோம். மருந்து ஊற்றிக் கரைக்க முடியாது. கண்ணின் ஓரத்தை அறுத்து அந்தப் பளிங்கையே வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டால் தெரியும்.

"இப்பவே எடுத்துடலாமா?" என்று ஹமீதா கேட்டாள்.

"இன்னும் முத்தலைம்மா. முழுசா வெளுத்தாத்தான் முழுசா கழண்டு வரும். ஆறு மாசம் போகட்டும்."

அந்த ஆறு மாசம்தான் ஆபரேஷனைவிடக் கஷ்டம். பார்வை போகட்டும் என்று காத்திருக்கிறவர்களை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் காத்திருந்தேன். முதலில் எழுத்து போயிற்று. பிறகு ஹமீதாவின் முகம் போயிற்று. கடைசியில் ஜன்னல் இருக்கிற பக்கம் வெளுப்பு, இல்லாத பக்கம் கறுப்பு, அவ்வளவுதான். அந்த நாட்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது தொழுகை ஒன்றுதான். தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் எங்கே என்று கைக்குத் தெரியும், பாய் எங்கே என்று காலுக்குத் தெரியும். பன்னிரண்டு வயசிலிருந்து, பெண்களுக்கு விலக்கான நாள் போக, ஒரு வேளை நான் விட்டதில்லை. பேறுகாலத்துக்குப் பிறகும், காய்ச்சலிலும் நின்றுதான் தொழுதிருக்கிறேன். மற்றவர்கள் முடியவில்லை என்று உட்கார்ந்து தொழுதால், வாயால் ஒன்றும் சொல்லமாட்டேன். உள்ளே மட்டும் ஒன்று சொல்லிக்கொள்வேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முத்திவிட்டது என்று சொன்னதும் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். சோதனைகள் நடந்தன. சிறுநீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் காய்ச்சிச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு விளக்கை நாலு பக்கமும் காட்டி, "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். கண்ணின் பின்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று அறிவதற்காம். கண்ணீர் போகும் வழியில் உப்புத் தண்ணீர் விட்டார்கள், அது தொண்டையில் கரித்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். இமை மயிரை வெட்டினார்கள். இவற்றில் எதுவும் பயப்படும்படியாக இல்லை. கூச்சப்படும்படி இருந்தது, அவ்வளவே.

புதன்கிழமை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கமாட்டார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பக்கத்தில் ஓர் ஊசி போடுவார்கள், அந்த ஊசிதான் வலி. அதன்பிறகு சத்தம்தான் கேட்டது. கத்தரியைத் தட்டில் வைக்கிற சத்தம், டாக்டர் மூச்சு விடுகிற சத்தம். "கீழே பாருங்கம்மா... அப்படியே" என்று அவர் சொன்னார். நான் கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டும் இருந்தேன். எண்பதுக்குள் முடிந்துவிட்டது.

படுக்கைக்குக் கொண்டுவந்து இரண்டு கண்ணையும் கட்டினார்கள். நல்ல கண்ணைக் கட்டாவிட்டால் அது அசையும்போது மற்றதும் கூட அசையுமாம். எனக்கு அந்தக் கண் ஏற்கெனவே போனதுதான், ஆனாலும் சட்டம் சட்டம். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. மசேர் உத்தரவு போட்டாள்:

"எட்டு நாள் மல்லாந்து படுக்கணும். இருமக்கூடாது, தும்மக்கூடாது, மெல்லக்கூடாது, கஞ்சிதான். தலையைத் தூக்கவே கூடாது. முக்கியமா குனியக்கூடாது. உள்ளே ஒரே ஒரு தையல்தான் இருக்கு. புரியுதா?"

அடுத்த கட்டிலிலிருந்து ஒரு குரல்: "மூச்சு விடலாமா மசேர்?"

"வாயை மூடிக்கிட்டு விடு."

அந்தக் குரல் விழிதியூர் அஞ்சலை. வயல் வேலை செய்கிறவள். அவளுக்கும் அன்றைக்கேதான் புரை எடுத்தார்கள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை, என் முகத்தை அவள் பார்த்ததில்லை. இரண்டு பேரும் கட்டிப்போட்ட கண்ணோடு பேசிக்கொண்டோம். அதாவது அவள் பேசினாள்.

"மரைக்காரம்மா, தூங்கிட்டீங்களா?"

"இல்லே."

"பின்ன ஏன் சத்தமே இல்ல? ஊமைன்னு நெனச்சுட்டேன்."

"பேசினா தலை அசையும்னாங்க."

"நாக்கு அசைஞ்சா தலை ஏன் அசையுது? எங்க ஊருல எம் மாமியா நாள் பூரா பேசும், ஒரு இடத்தை விட்டு அசையாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண் போய்விடும் என்ற பயமும் வந்தது.

தொழுகை என்னாகும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தண்ணீர் முகத்தில் படக்கூடாது. அதற்காக ஹமீதா வீட்டு முற்றத்து மண்ணைச் சலித்து, வெயிலில் காயவைத்து, ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டு முகத்தில் தடவிக்கொள்வது எங்கள் மார்க்கத்தில் உண்டு. மசேர் அதைப் பார்த்துவிட்டாள்.

"கண் அறுத்த வார்டுல மண்ணா? குருடாக்கிட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவியா?"

கைக்குட்டையை வாங்கி வெளியே உதறிவிட்டாள். ஹமீதா என் தம்பியைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி ஆலிம்சாவிடம் கேட்டுவரச் சொன்னாள். அன்றைக்கே சாயங்காலம் வந்து என் காதோரம் குனிந்து சொன்னாள்:

"உம்மா, மாமா கேட்டுட்டு வந்துட்டாங்க. நிக்க முடியாட்டி உக்காந்து, அதுவும் முடியாட்டி படுத்துக்கிட்டே தலையசைச்சு, அதுவும் முடியாட்டி கண்ணிமையால, அதுவுங்கூட முடியாட்டி நெஞ்சாலயே தொழுதா போதுமாம். ஒளு இல்லேன்னும் கவலைப்பட வாணாமாம். சொகமானப்புறம் திருப்பித் தொழுதுக்கலாமாம்."

"கண்ணிமையாலயா?" என்றாள் அஞ்சலை. "அதைத்தானே மசேரு மூட்டை கட்டி வச்சிருக்காங்க!"

"ஏ, சும்மா இரு" என்றாள் ஹமீதா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

விஷயம் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லப்பட்டுவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லமுடியாது.

புதன், வியாழன் இரண்டு நாளும் நெஞ்சால் தொழுதேன். அதாவது, தொழுததாக நினைத்துக்கொண்டேன். தக்பீர் சொல்லி ஆரம்பிப்பேன், எங்கே இருக்கிறேன் என்று தெரியாது, முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வேன். ஒன்றுமே செய்யாதது மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஆண்டவனிடம் கண்ணைக் கேட்கிறேன். கேட்கிறவள் அவன் முன்னால் ஒரு தரம் குனியக்கூட இல்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்டால் தருவானா? இத்தனை வருஷத்துத் தொழுகையை, தேவையான நேரத்தில் நிறுத்திவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லுஹருக்குப் பாங்கு கேட்டது. ஹமீதா என் துணிகளை அலசக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். மசேர் குரல் அடுத்த வார்டில் கேட்டது. கடல் காற்று அப்போதுதான் திரும்பியிருந்தது. அது பிடரியில் பட்டால் முகம் மேற்கே, தொழுகிற திசையான கிப்லாவுக்கு நேர் என்று எனக்குத் தெரியும். மணல் மூட்டையை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். மெதுவாகத்தான் எழுந்தேன். கட்டிலிலேயே மடக்கி உட்கார்ந்தேன். தலைமாட்டுத் தலையணையை முன்னால் வைத்தேன்.

மெதுவாகக் குனிந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நாலு ரக்அத்தில், சுற்றுக்கு இரண்டாக, எட்டு சுஜூது. ஒவ்வொரு தடவையும் நெற்றியைத் தலையணையில் வைக்கும்போது அழுகை வந்தது. இரண்டு நாளாகக் காணாததைக் கண்டதுபோல இருந்தது. ஆறாவது சுஜூதில் கண்ணுக்குள் ஏதோ ஒரு நூல் சுண்டினதுபோல இருந்தது. சூடாக ஏதோ பரவியது. மிச்சம் இரண்டையும் செய்து முடித்துத்தான் படுத்தேன். நடுவில் விட மனம் வரவில்லை.

மூட்டைகளை இழுத்து முன்போல வைத்துக்கொண்டிருக்கும்போது கட்டில் கிறீச்சிட்டது.

"யாரு எந்திரிச்சது?" என்றாள் அஞ்சலை.

"யாருமில்லே" என்றேன்.

சுஜூதிலிருந்து நிமிர்ந்த மூச்சிலேயே சொன்ன பொய் அது.

ஹமீதா வந்து கஞ்சி ஊட்டினாள். "உம்மா, நெத்தியெல்லாம் வேர்க்குதே?" என்றாள். "புழுக்கம்" என்றேன். இரண்டாவது பொய். கண் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. வலியை நான் பொறுத்துக்கொள்வேன். சொல்வதைத்தான் பொறுக்கமுடியாது. மசேர் கத்துவாள், வார்டே கேட்கும். அதற்கு மேல் ஒன்று. தொழப்போய்க் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள் என்று ஊரில் சொல்வார்கள். என்னைச் சொன்னால் போகட்டும், தொழுகையைச் சொல்வார்களே. அவனுக்காகத்தானே குனிந்தேன், அவன் பார்த்துக்கொள்ளட்டும், மூடிக்கொண்டு கிடப்போம் என்று தீர்மானித்தேன்.

சாயங்காலம் அசருக்குப் பாங்கு சொன்னார்கள். நெஞ்சால் தொழலாம் என்று தக்பீர் சொன்னேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன், வரவில்லை. அப்படி எனக்கு ஆயுசில் நடந்ததில்லை. யார் முன்னால் நிற்கப்போகிறேனோ அவனுக்கு எல்லாம் தெரியும். அவனிடம் பேசவேண்டுமானால் முதலில் பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்ன பொய்யை எடுக்கவேண்டும் போல இருந்தது. ரொம்ப நேரம் சும்மாவே கிடந்தேன். ஓதவில்லை, கேட்கவில்லை, எண்ணவில்லை. அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததே கிடையாது.

அப்போது ஒன்று புரிந்தது. ஆண்டவன் என்னைச் சோதிக்கிறான் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அன்று மத்தியானம் சோதித்தது அவனில்லை, நான். இதோ குனிகிறேன், கண்ணைக் காப்பாற்று பார்க்கலாம் என்று அவனுக்கே பரீட்சை வைத்திருக்கிறேன். அவன் தந்த சலுகையை, சோம்பேறிகளுக்குத் தந்தது என்று தள்ளிவிட்டு, அவனுக்கு அவன் கேட்காததைக் கொடுத்திருக்கிறேன்.

"ஹமீதா" என்றேன். "மசேரைக் கூப்புடு. நான் எந்திரிச்சுத் தொழுதேன். கண்ணு வலிக்குது."

ஹமீதா கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. அவள் ஓடுகிற சத்தம் கேட்டது.

டாக்டரை ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். கட்டை அவிழ்த்து விளக்கைக் காட்டினார். எனக்குச் சிவப்பாகத்தான் தெரிந்தது.

"எப்ப ஆச்சும்மா இது?"

"லுஹர்... மத்தியானம்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வெட்டின வாய் கொஞ்சம் விலகி ரத்தம் உள்ளே இறங்கியிருக்கு. தையல் எப்படியோ பிடிச்சிக்கிட்டிருக்கு. ரத்தம் தானா வத்தணும். வத்திட்டா பார்வை. உள்ளேயே உறைஞ்சுபோனா நான் ஒண்ணும் பண்ணமுடியாது. இன்னும் பதினாலு நாள் இப்படியே கிடக்கணும்." பிறகு ஹமீதாவிடம் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குக் காலையில நான் புதுச்சேரி போறேன். இப்ப சொன்னதால மருந்து வச்சுக் கட்டிட்டேன். நாளைக்குச் சொல்லியிருந்தா இங்க இருக்கமாட்டேன்."

அவர் போனதும் மசேர் மணல் மூட்டையை இறுக்கி வைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "எனக்கும் முழங்கால் வீங்கி, மண்டியிடாதேன்னு மடத்து மதர் சொல்லி, கேக்காம மண்டியிட்டு, ஒரு மாசம் நடக்கமுடியாம கிடந்தேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள், வார்டு முழுவதும் கேட்கும்படி.

எல்லாம் அடங்கினதும் நான் அஞ்சலையைக் கூப்பிட்டேன். "எந்திரிச்சது நான்தான்."

"கட்டில் கிறீச்சுன்னப்பவே தெரியுங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"நீ சொல்லியிருந்தா மசேர் அப்பவே வந்திருப்பாங்கல்ல?"

"ஆமாங்க. அது எந் தப்பு. சாமி விஷயமாச்சே, நாம எதுக்குன்னு நெனச்சுட்டேன்."

அந்தப் பதினாலு நாளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் எழுத ஆசை. ஆனால் எழுத அதில் ஒன்றும் நடக்கவில்லை. கஞ்சி, மருந்து, கட்டு, அவ்வளவுதான். ஹமீதா தினம் என் உள்ளங்காலை எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடுவாள், மரத்துப்போகாமல் இருக்க. சைகோன் கடிதம் வந்தால் படிப்பாள். இங்கத்து டாக்டர் காலையில் கட்டைப் பிரித்து விளக்குக் காட்டுவார். "எப்படி இருக்குங்க?" என்று ஹமீதா கேட்பாள். "நேத்து மாதிரிதான்" என்பார். ஐந்து நாள், ஆறு நாள், நேற்று மாதிரியேதான் இருந்தது. உறைந்துபோய்விட்டது என்று நான் உள்ளூரத் தீர்த்துக்கொண்டேன். இனி இருட்டில் எப்படி அடுப்பு, எப்படிக் குழாயடி, ஹமீதாவுக்கு நான் எவ்வளவு பாரம் என்று யோசித்தேன். பயம் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை இருந்த பயமில்லை. அது பேரம் பேசுகிற பயம். இது சும்மா பயம்.

ஐந்து வேளையும் நெஞ்சாலேயே தொழுதேன். இந்தத் தடவை ஏமாற்றவில்லை. உடம்பு இல்லாமல் தொழுவது எவ்வளவு சிரமம் என்று நீங்கள் செய்து பார்த்தால்தான் தெரியும். பன்னிரண்டு வயசிலிருந்து என் முதுகுக்குத் தொழுகை தெரியும், முழங்காலுக்குத் தெரியும். அவை பாட்டுக்குக் குனிந்து நிமிரும். நான் உப்பு தீர்ந்துவிட்டதா, கொல்லைக் கதவைச் சாத்தினேனா என்று போய்க்கொண்டிருப்பேன். முடிவில் ஸலாம் கொடுக்கும்போதுதான் திரும்பி வருவேன். இப்போது குனிய முதுகு இல்லை. நிற்கிறேன் என்று நான் நினைத்தால்தான் நின்றேன். குனிகிறேன் என்று நினைத்தால்தான் குனிந்தேன். நினைப்பு கொஞ்சம் நழுவினால் தொழுகையே இல்லை, கட்டிலில் ஒரு கிழவி மட்டும் கிடப்பாள். அதனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு நாள் லுஹரை முடிப்பதற்குள் அசர் பாங்கு கேட்டுவிட்டது. நாலு ரக்அத்துக்கு அவ்வளவு நேரம். அந்த நாலில் ஒரு சுஜூதில், ஒரே ஒரு சுஜூதில், யார் முன்னால் கிடக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கண்ணைக் கொடு என்று கேட்க அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆபரேஷன் ஆன எட்டாம் நாள் அஞ்சலைக்குக் கட்டு அவிழ்த்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்து உற்றுப் பார்த்தாள்.

"இவ்வளவு ஒல்லியா? குரலைக் கேட்டு நல்ல பருமனா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் எங்கே பேசினேன், குரலைக் கேக்க?"

"அதாங்க. பேசாத ஆளுங்க பருமனா இருப்பாங்கன்னு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. எங்க மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துறேன்னு எனக்கு நேந்துக்கிட்டேன். அன்னிக்கு உங்களுக்கு இப்படி ஆனதும், உங்களுக்கும் சேத்து இன்னொரு ஜோடி நேந்துக்கிட்டேன். உங்க சாமி கோவிச்சுக்குவாரா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் வயல் கூலியில் இரண்டாவது ஜோடி வெள்ளி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். அவளும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் அறிந்தது அந்த ஒரு தடவையும் அந்த வெள்ளிக்கிழமையும்தான்.

அந்தப் பதினாலில் ஒன்பதாவது நாள் இங்கத்து டாக்டர் விளக்கைக் காட்டியபடி, "கொஞ்சம் தெளிஞ்சிருக்கு போல" என்றார். நான் நம்பவில்லை. பத்தாவது நாளும் அதையே சொன்னார். பதினாலாம் நாள் புதுச்சேரி டாக்டரே தனியாக ஒரு நடை வந்தார். கட்டைப் பிரித்து, பஞ்சை நனைத்து இமையைத் துடைத்தார்.

"மெதுவா திறங்க."

எல்லாம் நீலமாக இருந்தது. மழைக்காலத்து விடியற்காலை மாதிரி. புரை எடுத்தவர்களுக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் தெரியுமாம், பயப்படவேண்டாம். முன்னால் ஏதோ நின்றது.

"இது எத்தனை?"

"மூணு" என்றேன்.

"இது?"

"ஒண்ணு. உங்க கட்டை விரல்."

மசேர் சிலுவை போட்டுக்கொண்டாள். ஹமீதா எங்கே என்று திரும்பினேன். கண்ணாடி இல்லாததால் முகம் கலங்கலாகத்தான் இருந்தது. அவள் அழுகிறாள் என்பது முகத்தில் தெரியவில்லை, தோள் ஆடுவதில் தெரிந்தது.

கருமணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. அது என் தப்பின் மிச்சம். இரண்டு மாசம் கழித்துக் கனத்த கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு பக்கம் எழுதலாம், அதற்கு மேல் வலிக்கும். இதை எழுத எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஊசி கொஞ்சம் வலிக்கும், மற்றது வலிக்காது. படு என்றால் படுங்கள். தொழுகையை நினைத்துக் கலங்காதீர்கள், படுத்துக்கொண்டே தொழ ஆண்டவன் இடம் வைத்திருக்கிறான். அந்த இடம் நின்று தொழுகிற இடத்தைவிடச் சின்னதில்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டால் வெட்கப்படாமல் அப்போதே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்பும் மூன்று மாசம் குனியக்கூடாது என்றார்கள். பிறகு குனியலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பின அன்று, அசர் நேரத்தில் பாயை விரித்தேன். ஹமீதா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. எனக்குக் கண்ணைப் பற்றிப் பயமில்லை. உடம்பு திரும்பவும் தன் பாட்டுக்குத் தொழ ஆரம்பித்தால் நான் எங்கே போய்விடுவேனோ என்றுதான் பயம். நின்றேன். குனிந்தேன். நெற்றி பாயைத் தொட்டதும், நெஞ்சு வந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

வந்திருந்தது. எல்லா நாளும் வருவதில்லை. வராத நாளில் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே காத்திருக்கிறேன்.